வெள்ளைப் பாதி, ரோஸ் பாதி

ஸ்ரீவில்லிபுத்தூர்
28.3.1988

தம்பி அசனுக்கு, அக்கா ஆரிபா சலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளை அசீனாவும் நலம். உன் மச்சான் நலமாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பதினோரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு தபால் எழுதிக்கொள்ளும் அக்கா தம்பி நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். என்ன செய்ய? அவர் தங்கச்சியைக் கட்டமாட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் பெயரை எடுத்தாலே இந்த வீட்டில் சோறு இறங்குவதில்லை. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

மில்லில் பதினெட்டு வருஷம் பஞ்சுத் தூசியைக் குடித்த நெஞ்சு அது. போன வருஷம் ஒன்பதாம் நோன்பன்று பள்ளிவாசலிலேயே மூச்சு முட்டி விழுந்தார், நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த வருஷம் முப்பதையும் பிடிப்பாராம். "சீக்காளிக்கு விலக்கு உண்டு ஜமாலு, பொறவு வேற நாள்ல புடிச்சுக் களா செஞ்சுக்கிடலாம்" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "அடுத்த நோன்பு வரைக்கும் நான் இருப்பேனா ஹஜ்ரத்து? முப்பதும் புடிச்சிட்டுத்தான் மறுவேலை" என்றுவிட்டார்.

டாக்டர் தரும் மாத்திரையைத் தினம் மூன்று வேளை விழுங்க வேண்டும். பகலில் எப்படி? இவர் எச்சில் விழுங்கவே யோசிக்கிற ஆள். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று விழுங்கினால் நோன்பு திறக்கும்வரை நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கிற மாத்திரை ஏதாவது இருக்கிறதா? நீ மாத்திரைக் கம்பெனியில்தானே இருக்கிறாய்.

பதிலை டவுன் பஸ் கண்டக்டர் பால்பாண்டியிடம் கொடுத்துவிடு. பள்ளிவாசல் முக்கில் அசீனா வந்து வாங்கிக்கொள்வாள். நீ கொடுத்தது என்று மச்சானுக்குத் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுவார். கடையில் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆரிபா


ராஜபாளையம்
4.4.1988

அன்புள்ள அக்காவுக்கு,

அசன் முகம்மது எழுதுவது. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மச்சான் என்மேல் கோபமாக இருக்கட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு. மாத்திரைக்கு என்ன கோபம் வந்தது?

நீ கேட்டதைத்தான் நாங்கள் ஆறு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறோம். இந்தத் தபாலோடு எழுபது மாத்திரை வைத்திருக்கிறேன். ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பார். மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி ரோஸ். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்துதான். வெள்ளை சட்டென்று கரைந்து உடனே மூச்சை இளக்கும். ரோஸில் மெழுகு கலந்திருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டுக்கொண்டே இருக்கும். சஹரில் ஒன்று, நோன்பு திறந்து சாப்பிட்டபின் ஒன்று. டாக்டரின் பழைய மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், இரண்டும் சேரக் கூடாது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இது இன்னும் கடைக்கு வரவில்லை. சோதனைக்கு எடுத்ததில் மிஞ்சியது. மேனேஜர் சுயம்புலிங்கம் சாருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். ஆனால் மருந்து பழைய மருந்துதான், சேர்மானம் மட்டும்தான் புதிது. நீ பயப்படாதே.

அசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.4.1988

தம்பிக்கு,

உன் கை நன்றாக இருக்கட்டும். பத்து நாளாக மச்சான் இழுப்பில்லாமல் தூங்குகிறார். நேற்று தேரடி வரை நடந்து போய்ப் பால்கோவா வாங்கி வந்தார். அசீனாவுக்கு என்று வாங்கிவிட்டுப் பாதியை வழியிலேயே தின்றுவிட்டார். "ஏட்டி, இந்த மாத்திரைய எந்தக் கடையில வாங்குன? அவனுக்குப் புண்ணியமாப் போகும்" என்கிறார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

இன்னும் மூன்று நாலு நாளில் நோன்புப் பிறை. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. விழுங்கிப் பார்க்காமலே இத்தனை மணி நேரம் தாங்கும் என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? வயிற்றுக்குள் போய்ப் பார்த்தீர்களா? சரியாக எத்தனை மணி நேரம் என்று எழுது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஆரிபா


ராஜபாளையம்
20.4.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நோன்பு எப்படிப் போகிறது? இந்த வெயிலில் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது, மச்சானை நினைத்துக்கொண்டேன்.

வயிற்றுக்குள் போக வேண்டாம். வயிற்றை மேஜைமேல் வைத்திருக்கிறோம். ஆறு கண்ணாடி ஜாடி, உடம்புச் சூட்டில் தண்ணீர், உள்ளே மெதுவாகச் சுற்றும் துடுப்பு. மாத்திரையைப் போட்டுவிட்டு மணிக்கு ஒரு தடவை தண்ணீரை உறிஞ்சி, எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று அளந்து கோட்டுத் தாளில் புள்ளி வைப்பேன். பன்னிரண்டு மணி நேரம் நகர முடியாது. என்னோடு நிற்கும் ரத்தினம், "ஏலே, கோழி அடகாத்தாக்கூட நடுவுல எந்திரிக்கும்" என்று கேலி செய்கிறான்.

இப்போது அதற்கும் மேலே ஒன்று செய்திருக்கிறேன், கேள். வெள்ளையைத் தனியாகப் பிரித்து ஒரு ஜாடியிலும், ரோஸைத் தனியாக இன்னொரு ஜாடியிலும் போட்டேன். வெள்ளை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ரோஸ் பன்னிரண்டு மணி நேரம் நின்றது. இரண்டு கணக்கையும் கூட்டி, முழு மாத்திரை இப்படித்தான் போகும் என்று முன்கூட்டியே கோடு போட்டுவிட்டேன். பிறகு முழு மாத்திரையைப் போட்டுப் பார்த்தால் புள்ளி எல்லாம் என் கோட்டின்மேலேயே விழுகிறது! இனிமேல் எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேட்டால், வெள்ளை இவ்வளவு, ரோஸ் இவ்வளவு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். சுயம்புலிங்கம் சார் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். நம் அத்தா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: பன்னிரண்டு மணி நேரம்.

அசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.5.1988

தம்பிக்கு,

பதினேழு நோன்பு முடிந்துவிட்டது. ஒன்றைக்கூட விடவில்லை. ஹஜ்ரத்தே ஆச்சரியப்படுகிறார்.

ஆனால் உன் கணக்கு பன்னிரண்டு. சஹர் முடிந்து நோன்பு திறக்கப் பதினாலு மணி நேரம் ஆகிறது. சாயங்காலம் அசர் தொழுத பிறகு மிச்ச நேரம் அவர் பட்ட பாட்டை நீ பார்க்கவில்லை. முதல் வாரம் அப்படித்தான் போயிற்று, நான் கடிகாரத்தையும் அவர் நெஞ்சுக்குழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். எட்டாம் கிளாசோடு நின்றவள்தானே என்று இனி என்னைச் சொல்லாதே. என்ன வழி என்று பெருநாள் கழித்துச் சொல்கிறேன், நீ அசந்துபோவாய்.

கை கொஞ்சம் நடுங்குகிறது, படபடவென்று வருகிறது என்கிறார். இரண்டு நாள் சஹருக்குப் பிறகு வாந்தி. நோன்புக் களைப்பாக இருக்கும். மாத்திரை முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறது. இன்னும் முப்பதாவது அனுப்பு.

ஆரிபா


ராஜபாளையம்
7.5.1988

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். மெட்ராசிலிருந்து ஆள் வந்து என் கோட்டுத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது வைத்திருக்கிறேன். வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு விழுங்கச் சொல், வாந்தி நின்றுவிடும். உன் கண்டுபிடிப்பைப் பெருநாளைக்கே கேட்டுக்கொள்கிறேன்.

அசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.6.1988

அசன்,

மச்சான் மய்யித்தின் தலைமாட்டில் வந்து நின்றாய், தோள் கொடுத்தாய் என்று சொன்னார்கள். என்னைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் நின்றதையும் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். புருஷன் போய் இத்தாவில் இருப்பவள் கூடப்பிறந்தவனைப் பார்க்கலாம், தெரியும். எனக்கு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த மாத்திரையில் என்ன போட்டீர்கள்?

இருபத்தைந்தாம் நோன்பு. முதல் நாளே காய்ச்சலும் இழுப்பும். சஹருக்கு எழுப்பும்போது, "இன்னைக்குச் செத்த கூடக் குடு ஆரிபா, அஞ்சு நாளுதான கெடக்கு" என்றார். மூன்று ரோஸ் கொடுத்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கு நாலு கொடுத்தேன். நீ எழுதியபடிதான் கொடுத்தேன். பகலில் நின்று வேலை செய்வது ரோஸ்தானே? அதனால் நீ பிரித்ததுபோலவே பிளேடால் வெள்ளை வேறு ரோஸ் வேறாகப் பிளந்து, சஹருக்கு ரோஸும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளையுமாகக் கொடுத்து வந்தேன். ரோஸ் உதிரும். ஒரு பொட்டுக்கூட வீணாக்காமல் தேனில் குழைத்துக் கரண்டியில் கொடுப்பேன். ஒரு நாளும் கை தவறவில்லை.

விடிகாலை பஜர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் வாந்தி எடுத்தார். நெஞ்சு அடிக்கிறது சட்டைக்கு வெளியே தெரிந்தது. பிறகு கையும் காலும் வெட்டி இழுத்தது. அசீனா சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள், பிடிக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி உயிர். என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார்கள். உன் வேலை போய்விடுமே என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் என்று சொன்னேன். அந்த நேரத்திலும் உன்னை நினைத்தேன், பார்த்துக்கொள்.

உன் மிச்சத்தை இதில் வைத்திருக்கிறேன். எல்லாம் வெள்ளைப் பாதி. மிச்ச ரோஸ் உதிர்ந்து தூளாகிவிட்டது. உன் ஜாடியில் போட்டுப் பார்த்துப் பதில் சொல்.


ராஜபாளையம்
22.6.1988

அக்கா,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள் என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

ஜாடியில் போட்டுப் பார்த்தேன். தப்பு எங்களுடையதுதான். நான் உனக்கு அனுப்பிய சோதனை மாத்திரைகளில் ரோஸ் பாகத்துக்கு மெழுகு சரியாகச் சேரவில்லை. பன்னிரண்டு மணி நேரத்து மருந்து ஒரேயடியாக இறங்கிவிட்டது. அனுப்புவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை. நீ பிளந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முழுதாகக் கொடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டேன். யார் கேட்டாலும் அசன் கொடுத்த மாத்திரைதான் என்று சொல். உண்மை அதுதான்.

அசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.9.1988

இத்தா முடிந்துவிட்டது. முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

உன் வாயாலேயே ஒத்துக்கொண்டாய். அந்த ஒன்றுக்காக மட்டும் உன்னை மெச்ச வேண்டும். என்னிடம் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். ஜமாத்திலும் சொல்லிவிட்டேன். அசீனாவுக்கும் தெரியும், அத்தாவைக் கொன்றது மாமாதான் என்று. அவளுக்குப் பதினொரு வயது. இனி அவள் கல்யாணத்துக்கும் வராதே, என் மௌத்துக்கும் வராதே. எழுதாதே.


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.2.1997

அசன் முகம்மதுக்கு,

எழுதாதே என்று சொன்னவள் நானே எழுதுகிறேன். விலாசம் பால்பாண்டி கொடுத்தான். நீ பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி மடித்துக் கட்டுகிறாய், கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்றான். ஒன்பது வருஷமாக அவனிடம் உன்னைப் பற்றிக் கேட்டதில்லை.

அசீனா மதுரையில் மருந்துப் படிப்புப் படிக்கிறாள், மூன்றாம் வருஷம். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "அத்தா எதனால மௌத்தானாகன்னு எனக்குத் தெரியணும்மா" என்று போய்ச் சேர்ந்துகொண்டாள். நோன்புக்கு லீவில் வந்திருக்கிறாள்.

நேற்று அசருக்குப் பிறகு நோன்புக் கஞ்சிக்கு நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். ஜாடி, துடுப்பு, உடம்புச் சூட்டுத் தண்ணீர். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன், ரெண்டு கலர் மாத்திரையைப் பிளந்தால் என்ன ஆகும் என்று. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "பிளக்கவே கூடாதும்மா. பிளந்து உதிர்ந்துட்டா மெழுகுக்கு வேலையே இல்ல. நாள் முழுக்க வாரதெல்லாம் ஒரே நேரத்துல எறங்கிரும். ஆள் தாங்காது."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. நான் அழுததை அவள் கவனிக்கவில்லை.

மெழுகு சரியாகச் சேரவில்லை என்று எழுதினாயே. இன்றைக்கு உட்கார்ந்து யோசிக்கிறேன். பிளப்பதற்கு முன்னால் இருபது நாளுக்குமேல் முழு மாத்திரையாகக் கொடுத்தேன். அப்போது தேரடி வரை நடந்தாரே? வாந்தியும் நடுக்கமும் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாதா? தெரியாதவள்போல இருந்திருக்கிறேன்.

உனக்கு அப்போதே தெரியுமா? சுற்றி வளைக்காமல் எழுது.

ஆரிபா


ராஜபாளையம்
4.2.1997

அக்கா,

தெரியும்.

உன் வெள்ளைப் பாதிகளைப் பிரித்த உடனே தெரிந்துவிட்டது. பிளேடு பட்ட தடம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆனாலும் ஜாடியில் போட்டுப் பார்த்தேன். நீ செய்ததுபோலவே பிளந்து, உதிர்ந்ததைத் தேனில் குழைத்துப் போட்டேன். இரண்டாவது புள்ளியிலேயே கோடு உச்சிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அளக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரத்தினம் அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

அந்தக் குறிப்பிட்ட மாத்திரைகளில் பழுது ஏதும் இல்லை. அதை மட்டும்தான் பொய்யாக எழுதினேன். நீ ஒரு பெண்பிள்ளையோடு தனியாக நின்றாய். உன் கையால் நடந்தது என்று எழுதினால் நீ இருக்க மாட்டாய் என்று பயந்தேன். என்னைத் திட்டிக்கொண்டாவது இரு என்று நினைத்தேன்.

ஆனால் தப்பு எங்களுடையது என்று எழுதியது பொய் இல்லை. என் பழைய கடிதத்தை நீ வைத்திருக்கிறாயா? ஏப்ரல் இருபது. வெள்ளையைத் தனியாகப் பிரித்தேன், ரோஸைத் தனியாகப் பிரித்தேன் என்று எழுதியிருப்பேன். அக்கா, நான் எதையும் பிரிக்கவில்லை. வெள்ளை மட்டும் ஒரு மாத்திரை, ரோஸ் மட்டும் ஒரு மாத்திரை என்று மெஷினில் தனித்தனியாக அழுத்தி எடுத்தோம். அதை எழுதினால் நீளும், நானே செய்தது என்ற பெருமையும் போய்விடும் என்று பிரித்தேன் என்று எழுதிவிட்டேன். உடைக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் மச்சான் இருந்திருப்பார். எங்கள் தொழிலில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்பதால். அப்புறம் வாந்தி என்று எழுதினாய், நடுக்கம் என்று எழுதினாய், மாத்திரை சீக்கிரம் தீர்கிறது என்று எழுதினாய். மூன்றும் ஒரே கடிதத்தில் இருந்தது. மெட்ராஸ் ஆட்கள் என் கோட்டைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள், நான் நாற்பது மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

மாத்திரை எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவன், என் அக்கா என்ன செய்வாள் என்று யோசிக்கவில்லை. நோன்பு பதினாலு மணி நேரம் என்று எனக்குத் தெரியாதா? நானும் நோன்பு பிடித்துக்கொண்டுதானே அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அசீனாவிடம் சொல்லாதே. மாமாதான் என்று அவள் நினைத்துக்கொண்டே இருக்கட்டும்.

அசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.2.1997

தம்பிக்கு,

அசீனாவிடம் சொல்லிவிட்டேன். உன் கடிதம் எல்லாவற்றையும், பழையதையும் புதியதையும், அவள் மடியில் போட்டேன். எல்லாம் இருக்கிறது, ஒன்றையும் நான் கிழிக்கவில்லை. ஏப்ரல் இருபது கடிதத்தை வெகுநேரம் வைத்திருந்தாள். "மாமா கணக்கு சரியாத்தாம்மா இருக்கு" என்றாள். அப்புறம், "நீயும் அத்தாவுக்கு நல்லதுன்னுதான செஞ்ச" என்றாள். பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கும்போது பையை எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டாள். திரும்பி வருவாளா என்று தெரியவில்லை.

ஒன்பது வருஷம் நான் உன்னைக் கொலைகாரன் என்று சொன்னேன். நீ பதினோரு கிலோமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நீ செய்ததற்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. உன்மேல் ஆத்திரமாகத்தான் வருகிறது. என் புருஷன் எதனால் போனார் என்பது எனக்குச் சேர வேண்டியது, அதை நீ எடுத்து வைத்துக்கொண்டாய். அதே சமயம் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது.

பெருநாளன்று வா. தொழுகை முடிந்ததும் எல்லாரும் கபருஸ்தானுக்குப் போவார்கள், நீயும் போ. மச்சானைக் கிழக்கு மதில் ஓரம் வைத்திருக்கிறதாகச் சொன்னார்கள். தலைமாட்டு மீசான் கல் சாய்ந்திருக்கிறதாம். நம் பொம்பளைகள் அங்கே போகிற வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் நான் ஒரு நாளும் அந்த மண்ணைப் பார்த்ததில்லை.

அவரிடம் உன்னுடையதைச் சொல்லு. மாத்திரை கொடுத்தது நீதான் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது, அதையும் சொல்லு. பிறகு என்னுடையதையும் நீயே சொல்லு. பிளந்தது ஆரிபா என்று சொல்லு. கூடக் கேட்டது நீங்கள்தான், ஆனால் பிளந்தது அவள்தான் என்று சொல்லு.

சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு வா. சோறாக்கி வைத்திருப்பேன்.

ஆரிபா